வெக்டர் கால்குலஸும் இயற்பியலும் ஒரே பாடமாக வந்தால் எப்படிப் படிப்பது?

கணித வகுப்பில் ஒரு கோளத்தின் மேல் பரப்புத் தொகையீடு போடுவீர்கள். அடுத்த வகுப்பில் இயற்பியல் ஆசிரியர் ஒரு மின்னூட்டத்தைச் சுற்றிக் கோளம் வரைந்து, அதன் வழியே வெளியேறும் பாயம் (பரப்பைத் துளைத்துச் செல்லும் புலத்தின் மொத்த அளவு) எவ்வளவு என்று கேட்பார். இரண்டும் ஒரே கணக்குதான். எனக்கு அது ஒரு செமஸ்டர் முழுக்கத் தெரியாமலே போனது. கணித நோட்டில் தொகையீட்டை ஒழுங்காகப் போட்டேன், இயற்பியல் நோட்டில் காஸ் விதியை மனப்பாடம் செய்தேன். தேர்வுக்கு முந்தைய வாரம் இரண்டையும் அருகருகே விரித்து வைத்தபோதுதான், நான் ஒன்றையே இரண்டு முறை, அதுவும் அரைகுறையாக, படித்திருக்கிறேன் என்று புரிந்தது.

இரண்டையும் இணைத்து நடத்தும் பாடத்தின் நோக்கமே இந்தப் பிளவைச் சரிசெய்வதுதான். ஆனால் கால அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டால் மட்டும் அவை தலைக்குள் சேர்ந்துவிடாது. சேர்க்கிற வேலை மாணவருடையது. அதை எந்த வரிசையில் செய்தால் சுலபம், எங்கே சறுக்கும் என்று, முதன்முறையாக இந்தப் பாடத்தில் சேர்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் வேலை: ஒரே நோட்டு

இரண்டு நோட்டு வேண்டாம். ஒரே நோட்டில் இடப்பக்கம் கணிதம், வலப்பக்கம் இயற்பியல். இடப்பக்கத்தில் வரையறையும் கையால் போட்ட ஒரு கணக்கும் இருக்கட்டும். வலப்பக்கத்தில் அதே விஷயம் இயற்பியலில் எங்கே வருகிறது, அதன் அலகு என்ன, படம் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். வலப்பக்கம் காலியாகக் கிடந்தால் அந்தக் கணிதம் இன்னும் உங்களுக்கு வெறும் குறியீடுதான் என்று பொருள். இடப்பக்கம் காலியாக இருந்தால் ஒரு சூத்திரத்தை நம்பிக்கையின் பேரில் பயன்படுத்திக்கொண்டிருக்கிறீர்கள். எதைப் படிக்க வேண்டும் என்று அந்தக் காலி இடமே காட்டிக்கொடுக்கும்.

வகுப்பு தொடங்கும் முன்

பகுதி வகைக்கெழு, சங்கிலி விதி, சாதாரணத் தொகையீடு, வெக்டர்களின் புள்ளிப் பெருக்கல், குறுக்குப் பெருக்கல். இவ்வளவு போதும். ஒரு வார இறுதியில் தூசு தட்டிவிடலாம். புள்ளிப் பெருக்கலை மட்டும் இரண்டு விதமாகவும் செய்யத் தெரிய வேண்டும். கூறுகளைப் பெருக்கிக் கூட்டுவது ஒன்று. நீளங்களையும் இடைக்கோணத்தின் கொசைனையும் பெருக்குவது மற்றொன்று. 10 நியூட்டன் விசை, நகரும் திசைக்கு 60 டிகிரி சாய்வாக இருந்தால், அந்தத் திசையில் வேலை செய்வது 5 நியூட்டன்தான். கணித வகுப்பு முதல் வழியை அதிகம் பயன்படுத்தும், இயற்பியல் இரண்டாவதை. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு யோசிக்காமல் தாவ வராவிட்டால் பின்னால் எல்லாமே கனமாகத் தெரியும்.

முதல் வாரம்: யார் முந்துகிறார்கள் என்று பாருங்கள்

இரண்டு பாடத்திட்டங்களையும் வாரவாரியாக ஒரு தாளில் எதிரெதிரே எழுதுங்கள். பெரும்பாலும் இயற்பியல்தான் முந்தி ஓடும். கணிதத்தில் பகுதி வகைக்கெழு நடந்துகொண்டிருக்கும்போதே, இயற்பியலில் ‘வேலை’ வந்துவிடும். வளைந்த பாதையில் விசை செய்யும் வேலை என்பது கோட்டுத் தொகையீடு. அதேபோல் மின்னியலில் காஸ் விதி முதல் சில பாடங்களிலேயே வரும். அதற்கு வேண்டிய பரப்புத் தொகையீடு கணிதத்தில் கடைசிப் பகுதியில் கிடக்கும்.

இந்த இடைவெளிக்குப் பயப்பட வேண்டாம், ஆனால் அதை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். தொகையீட்டின் கருத்து மட்டும் தெரிந்தால் இயற்பியல் வகுப்பைத் தாண்டிவிடலாம். பாதையைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டு, ஒவ்வொரு துண்டிலும் விசைக்கும் துண்டுக்கும் புள்ளிப் பெருக்கல் செய், எல்லாவற்றையும் கூட்டு. பரப்புக்கும் இதேதான், கோட்டுத் துண்டுக்குப் பதில் பரப்புத் துண்டு. இதை ஒரு மணி நேரத்தில் உள்வாங்கிக்கொள்ளலாம். துணையலகு (பாதையின் ஒவ்வொரு புள்ளியையும் குறிக்கும் ஒரு மாறி) வைத்து முறையாகக் கணக்கிடும் நுட்பம் கணித வகுப்பில் வரும்போது, எதற்காக அதைக் கற்கிறோம் என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

குறியீட்டு அகராதி

இந்தப் பாடத்தில் நன்றாகப் படிக்கும் மாணவர்களும் தடுமாறும் இடம் இது. ஆனால் யாரும் இதைத் தனியாகச் சொல்லித்தருவதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கோள ஆயத்தொலைவுகளில் இரண்டு கோணங்கள் உண்டு. இசட் அச்சிலிருந்து கீழ்நோக்கி அளப்பது ஒன்று, அச்சைச் சுற்றி அளப்பது மற்றொன்று. இயற்பியலில் முதல் கோணம் தீட்டா, இரண்டாவது ஃபை. கணிதப் பாடநூல்கள் பலவற்றில் இது அப்படியே தலைகீழ். ஒரே நாளில் இரண்டு வகுப்பிலும் உட்கார்பவருக்கு இது பெரிய தலைவலி. பக்கத்தின் மேலேயே ‘இங்கே தீட்டா = இசட் அச்சிலிருந்து அளக்கும் கோணம்’ என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள். சந்தேகம் வந்தால் கோளத்தின் பரப்பளவைக் கணக்கிட்டுப் பாருங்கள். அச்சிலிருந்து அளக்கும் கோணம் 0 முதல் பை வரைதான் போகும், சுற்றுக்கோணம் 0 முதல் 2 பை வரை. எல்லைகளை மாற்றிப் போட்டால், பரப்புத் துண்டில் வரும் சைனின் தொகையீடு முழுச் சுற்றுக்கு 0 ஆகி, கோளத்தின் பரப்பளவே 0 என்று வந்து நிற்கும். தவறு உடனே மாட்டிக்கொள்ளும்.

அடுத்தது சார்பு என்ற சொல். ஒரு தட்டில் வெப்பநிலை, எக்ஸையும் ஒய்யையும் பெருக்கினால் வரும் எண் என்று வைத்துக்கொள்வோம். அதையே ஆர், தீட்டாவில் (தட்டின் மையத்திலிருந்து தூரம், எக்ஸ் அச்சிலிருந்து கோணம்) எழுதச் சொன்னால் இயற்பியல்காரர், ஆர் வர்க்கம் பெருக்கல் கொசைன் தீட்டா பெருக்கல் சைன் தீட்டா என்பார். ஏனென்றால் அவருக்கு வெப்பநிலை என்பது அந்தப் புள்ளியில் நிஜமாகவே இருக்கும் ஒரு அளவு. எந்த ஆயத்தில் எழுதினாலும் அதே வெப்பநிலைதான். கணிதக்காரருக்குச் சார்பு என்பது ஒரு செய்முறை, ‘உள்ளே வரும் இரண்டு எண்களைப் பெருக்கு’ என்பதே அதன் வரையறை. அந்தச் செய்முறைக்குள் ஆரையும் தீட்டாவையும் போட்டால் ஆர் பெருக்கல் தீட்டாதான் கிடைக்க வேண்டும். இரண்டு பேர் சொல்வதும் சரி. எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது, அவ்வளவுதான்.

மூன்றாவது, ஓரலகு வெக்டர்கள், அதாவது நீளம் 1 கொண்டு திசையை மட்டும் காட்டுபவை. எக்ஸ், ஒய், இசட் திசைகளின் ஓரலகு வெக்டர்கள் எங்கே போனாலும் மாறாது. ஆனால் மையத்திலிருந்து வெளிநோக்கிய ஓரலகு வெக்டர் இடத்துக்கு இடம் திரும்பும். அதை மாறிலி என்று நினைத்துத் தொகையீட்டுக்கு வெளியே எடுத்துவிடுவது மிகப் பொதுவான பிழை. சீராக மின்னூட்டப்பட்ட ஒரு வளையத்தின் மையத்தில் மின்புலம் எவ்வளவு? எதிரெதிர்த் துண்டுகள் ஒன்றையொன்று ரத்து செய்வதால் 0. ஓரலகு வெக்டரை வெளியே எடுத்தவருக்கு 0 வராது. இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் அந்தப் பிழை மறுபடி எட்டிப்பார்க்காது.

கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல்

பெயர்களைக் கண்டு மிரள வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம், ஒரு அலகு, கையால் போட்ட ஒரு கணக்கு. இவை மூன்றும் நோட்டில் ஏறாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

கிரேடியன்ட் மூன்றிலும் சுலபமானது. அறையில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெப்பநிலை இருக்கிறது. எந்தத் திசையில் நகர்ந்தால் வெப்பம் மிக வேகமாக ஏறும், எவ்வளவு வேகமாக ஏறும் என்பதைக் காட்டும் அம்புதான் கிரேடியன்ட். அலகு, மீட்டருக்கு இத்தனை டிகிரி. இயற்பியலில் விசை என்பது நிலை ஆற்றலின் கிரேடியன்ட்டுக்கு மைனஸ் போட்டது. அந்த மைனஸ் ஏன் என்று கேட்டு, பதிலை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பந்து மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் உருள்கிறது. கிரேடியன்ட்டோ மேட்டைக் காட்டுகிறது.

டைவர்ஜென்ஸ் என்பதை ஒரு சின்னப் பெட்டியாக நினையுங்கள். பெட்டியிலிருந்து வெளியே போனது கழித்தல் உள்ளே வந்தது, அதைப் பெட்டியின் கன அளவால் வகுத்தால் டைவர்ஜென்ஸ். மையத்திலிருந்து தூரம் போகப் போக நீளும் அம்புகள், அதாவது கூறுகள் எக்ஸ், ஒய், இசட் என்றே இருக்கும் புலம், எங்கும் 3 என்ற டைவர்ஜென்ஸ் தரும். இனி ஒரு புள்ளி மின்னூட்டத்தின் புலத்தைப் பாருங்கள். அம்புகள் எல்லாப் பக்கமும் விரிந்து போகின்றன. ‘விரிகிறதே, டைவர்ஜென்ஸ் இருக்கும்’ என்று மனம் சொல்லும். கணக்குப் போட்டால், மின்னூட்டம் உட்கார்ந்திருக்கும் புள்ளியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் 0. தூரம் இரட்டித்தால் கோளத்தின் பரப்பு 4 மடங்காகிறது, புலம் 4-இல் 1 பங்காகிறது. எவ்வளவு உள்ளே வந்ததோ அவ்வளவும் வெளியே போகிறது. தலைகீழ் இருபடி விதி எவ்வளவு துல்லியமானது என்பதை நான் முதன்முறையாக உணர்ந்தது இந்தக் கணக்கில்தான். தயவுசெய்து இதைப் படித்துவிட்டு மட்டும் போகாமல், கூறுகளாகப் பிரித்து வகையிட்டுப் பாருங்கள்.

கர்லில்தான் கண் ஏமாறும். கர்ல் என்று பெயர் வைத்தவரே, மின்காந்தவியலின் சமன்பாடுகளை எழுதிய மேக்ஸ்வெல்தான், அந்த அளவுக்கு இது இயற்பியலில் ஊறிய கருத்து. ஓடும் நீரில் ஒரு குட்டித் துடுப்புச் சக்கரத்தைப் போடுகிறோம். சக்கரம் தன்னைத்தானே சுற்றினால் அங்கே கர்ல் இருக்கிறது. மூன்று ஓட்டங்களைப் போட்டுப் பாருங்கள். முதலில், ஒரு திடமான தட்டு போலச் சுழலும் நீர். இதன் கர்ல் கோணத் திசைவேகத்தைப் போல 2 மடங்கு. இரண்டாவது, நேர்கோட்டில் ஓடும் நீர், ஆனால் அடியிலிருந்து மேலே போகப் போக வேகம் கூடுகிறது. எந்த வளைவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சக்கரத்தின் மேல் துடுப்பு கீழ்த் துடுப்பைவிட வேகமாகத் தள்ளப்படுவதால் அது சுற்றும், ஆகவே கர்ல் உண்டு. மூன்றாவது, மையத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் நீர், வேகம் தூரத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைகிறது. ஓட்டம் வட்டம்தான், ஆனால் மையத்தைத் தவிர எங்கும் கர்ல் 0. சக்கரம் மையத்தைச் சுற்றிப் பயணிக்கும், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாது.

அந்த மூன்றாவது ஓட்டத்தின் வடிவம்தான் மின்சாரம் ஓடும் நீண்ட நேரான கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலமும். இதை வலப்பக்கத்தில் எழுதும்போது, கணிதத்தின் ‘வினோத உதாரணம்’ ஒன்று திடீரென்று நிஜமான கம்பியாக மாறுவதைப் பார்ப்பீர்கள்.

தேற்றம் வேறு, விதி வேறு

காஸ் தேற்றமும் காஸ் விதியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டு பட்டம் வரை போய்விடுபவர்கள் உண்டு. காஸ் தேற்றம் கணிதம். சீராக மாறும் எந்த வெக்டர் புலத்தை எடுத்தாலும், உள்ளே இருக்கும் டைவர்ஜென்ஸ் எல்லாவற்றின் கூட்டுத்தொகையும் மூடிய பரப்பின் வழியே வெளியேறும் பாயமும் சமம். நீரோட்டம், காற்று, கற்பனைப் புலம், எதற்கும் பொருந்தும். காஸ் விதி இயற்பியல். மூடிய பரப்பின் வழியே வெளியேறும் மின்பாயம், உள்ளே இருக்கும் மின்னூட்டத்தை வெற்றிடத்தின் மின் மாறிலியால் வகுத்ததற்குச் சமம் என்கிறது அது. இயற்கை அப்படி நடக்கிறது என்று சோதனையில் பார்த்துத் தெரிந்துகொண்டது. ஸ்டோக்ஸ் தேற்றத்துக்கும் (ஒரு பரப்பின் மேல் கர்லைக் கூட்டினால் அதன் விளிம்பைச் சுற்றிய கோட்டுத் தொகையீடு கிடைக்கும்) ஆம்பியர் விதிக்கும் (ஒரு வளையத்தைச் சுற்றிய காந்தப்புலத்தின் தொகையீடு, அதன் வழியே ஓடும் மின்னோட்டத்தைப் பொறுத்தது) இதே உறவுதான். விதியைத் தொகையீட்டு வடிவத்திலிருந்து வகைக்கெழு வடிவத்துக்கு மாற்ற உதவும் பாலம் தேற்றம். ஒவ்வொரு வரியிலும் ‘இது எந்தப் புலத்துக்கும் உண்மையா, அல்லது இயற்கை சொன்னதா?’ என்று ஓரத்தில் குறித்துப் பழகுங்கள்.

தேற்றங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யவும் தேவையில்லை. ஒரு பகுதியின் உள்ளே நடக்கும் மாற்றங்களைக் கூட்டினால் அதன் எல்லையில் தெரிவது கிடைக்கும் என்பதே எல்லாவற்றுக்கும் பொது. பாதையின் எல்லை அதன் இரு முனைகள். ஆற்றல் மாற்றா விசை செய்யும் வேலை முனைகளை மட்டும் சார்ந்திருப்பது இதனால்தான். பரப்பின் எல்லை ஒரு வளையம், அங்கே ஸ்டோக்ஸ் வருகிறார். கன அளவின் எல்லை மூடிய பரப்பு, அங்கே காஸ்.

ஒவ்வொரு தேற்றத்தையும் ஒரு முறையாவது இரண்டு பக்கமும் கணக்கிட்டுச் சரிபாருங்கள். மேலே சொன்ன எக்ஸ், ஒய், இசட் புலத்தை ஆரம் ‘ஆர்’ கொண்ட கோளத்தில் எடுங்கள். உள்ளே 3 பெருக்கல் கன அளவு, அதாவது 4 பை ஆர் கனம். பரப்பில் புலத்தின் அளவு ஆர், பரப்பளவு 4 பை ஆர் வர்க்கம், பெருக்கினால் அதே 4 பை ஆர் கனம். இப்போது இதையே புள்ளி மின்னூட்டத்தின் புலத்துக்குச் செய்தால் சிக்கல் வரும். உள்ளே எங்கும் 0, ஆனால் பரப்பில் பாயம் 0 இல்லை. தேற்றம் பொய்யா? இல்லை. மையத்தில் புலம் எல்லையற்றதாகிவிடுவதால் தேற்றத்தின் நிபந்தனை உடைகிறது. அந்த ஒரு புள்ளியில்தான் முழு மின்னூட்டமும் இருக்கிறது. கம்பியின் காந்தப்புலத்திலும் இதே கதை. கணித வகுப்பில் ‘நிபந்தனைகள்’ என்று சலிப்போடு தாண்டும் வரியில்தான் இயற்பியலின் மின்னூட்டமும் மின்னோட்டமும் ஒளிந்திருக்கின்றன.

ஒரு சின்ன வரலாறு. ஸ்டோக்ஸ் தேற்றம் என்று நாம் அழைப்பதை 1850-இல் கெல்வின் ஒரு கடிதத்தில் ஸ்டோக்ஸுக்கு எழுதினார். ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜில் ஒரு பரிசுத் தேர்வில் கேள்வியாகக் கொடுத்தார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் மேக்ஸ்வெல். அவருடைய 1865-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மின்காந்தவியல் 20 சமன்பாடுகளாக இருந்தது. 1880-களில் ஹெவிசைட் அதை வெக்டர் மொழியில் இன்று நாம் படிக்கும் நான்காகச் சுருக்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் கிப்ஸ் அமெரிக்காவில் தன் மாணவர்களுக்காக வெக்டர் பகுப்பாய்வைக் குறிப்புகளாக அச்சிட்டுக் கொடுத்தார். இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்தே வளர்ந்தவை. பிரித்தது பின்னால் வந்த பாடத்திட்டங்கள்.

கணக்குப் பயிற்சி

இயற்பியலின் காஸ் விதிக் கணக்குகளைப் பார்த்தால் பரப்புத் தொகையீடு என்பது ‘புலம் பெருக்கல் பரப்பளவு’ என்று தோன்றிவிடும். அது சமச்சீரின் தயவு. கோளம், நீண்ட உருளை, அகன்ற தளம் ஆகியவற்றில் நாம் தேர்ந்தெடுக்கும் பரப்பின் மேல் புலம் ஒரே அளவாகவோ, பரப்புக்கு இணையாகவோ அமைகிறது. அதனால்தான் புலத்தைத் தொகையீட்டுக்கு வெளியே எடுக்க முடிகிறது. ‘ஏன் எடுக்கலாம்?’ என்ற ஒரு வரியை எழுதாமல் எடுக்காதீர்கள்.

வாரத்துக்கு ஒரு கணக்கையாவது இரண்டு வழியிலும் போடுங்கள். கனசதுரத்தின் நடுவில் ஒரு மின்னூட்டம் இருந்தால், ஒரு முகத்தின் வழியே போவது மொத்தப் பாயத்தில் 6-இல் 1 பங்கு என்று சமச்சீர் ஒரே வரியில் சொல்லிவிடும். அதையே தொகையீடாகப் போட்டு அந்த 6-இல் 1 வருகிறதா என்று பாருங்கள். கொஞ்சம் வியர்க்கும், ஆனால் வரும். பிறகு மின்னூட்டத்தை ஒரு மூலைக்கு நகர்த்துங்கள். அந்த மூலையைத் தொடும் மூன்று முகங்களின் வழியே பாயம் 0, மற்ற மூன்றின் வழியே ஒவ்வொன்றிலும் 24-இல் 1 பங்கு. ஏன் என்று ஒரு நண்பருக்கு விளக்க முடிந்தால் இந்தப் பகுதி உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது.

நண்பர் என்றதும் இன்னொன்று. இந்தப் பாடத்துக்குத் தனியாகப் படிப்பதைவிட ஜோடியாகப் படிப்பது நல்லது. ஒருவர் கணிதக்காரராக, மற்றவர் இயற்பியல்காரராக இருந்து ஒரே சமன்பாட்டை மாறி மாறிச் சொல்லுங்கள். அடுத்த வாரம் பாத்திரத்தை மாற்றுங்கள்.

தேர்வில் விடையைச் சரிபார்க்க அதிக நேரம் கிடைக்காது. மூன்று கேள்விகள் போதும். இரண்டு பக்கமும் வெக்டரா, அல்லது இரண்டும் ஸ்கேலாரா? அலகு ஒத்துப்போகிறதா? நாப்லா (கிரேடியன்ட், டைவர்ஜென்ஸ், கர்ல் மூன்றிலும் வரும் வகையிடல் குறி) ஒவ்வொரு முறையும் மீட்டரால் வகுக்கும் என்பதை மறக்க வேண்டாம். மிகத் தூரத்தில் போய் நின்று பார்த்தால் விடை நியாயமாக இருக்கிறதா? மின்னூட்டம் பெற்ற எந்தச் சிறிய பொருளும், அதன் மொத்த மின்னூட்டம் 0 இல்லை என்றால், வெகு தூரத்திலிருந்து புள்ளி மின்னூட்டமாகத்தான் தெரிய வேண்டும்.

கடைசியாக ஒரு தாள்

செமஸ்டர் முடியும் தறுவாயில், தேர்வுக்கு வந்தாலும் வராவிட்டாலும், ஒரு கணக்கைப் போடுங்கள். வெற்றிடத்தில் மேக்ஸ்வெல் சமன்பாடுகள் நான்கையும் எழுதுங்கள். அவற்றில் மின்புலத்தின் கர்லைச் சொல்லும் ஃபாரடே விதியின் இரு பக்கமும் மறுபடி கர்ல் எடுங்கள். இடப்பக்கத்தில் கர்லின் கர்லுக்கான முற்றொருமை வரும், மின்புலத்தின் டைவர்ஜென்ஸ் 0 என்பதால் அதில் ஒரு உறுப்பு மறைந்துவிடும். வலப்பக்கத்தில், காந்தப்புலத்தின் கர்லைச் சொல்லும் ஆம்பியர்-மேக்ஸ்வெல் விதியைப் போடுங்கள். மிஞ்சுவது அலைச் சமன்பாடு. அதில் நிற்கும் இரண்டு மாறிலிகளையும், அதாவது வெற்றிடத்தின் மின் மாறிலி 8.854 × 10⁻¹² என்பதையும் காந்த மாறிலி 1.257 × 10⁻⁶ என்பதையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, தலைகீழாக்குங்கள். நொடிக்குச் சுமார் 3 × 10⁸ மீட்டர் என்று வரும். ஒளியின் வேகம். அந்தத் தாளை நோட்டின் நடுவில் ஒட்டி வையுங்கள். அது இடப்பக்கமா வலப்பக்கமா என்று இனி கேட்க வேண்டியதில்லை.